மணி சாரின் காலை பேட்ச்

புதிதாக ஜெராக்ஸ் எடுத்த தாள் கைக்கு வரும்போது ஒரு சூடு இருக்கும், கூடவே லேசாகக் கருகிய வாசனையும் வரும். மாட்டுங்காவில் மணி சாரின் கட்டடத்துக்குக் கீழேயே இருந்த ஜெராக்ஸ் கடையிலிருந்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் கேள்வித்தாள்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சார் படியேறி வருவார். எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்றை வைத்து, "எழுதுங்கோ, பயப்படாதேங்கோ" என்பார். பம்பாய்க்கு வந்துபோகும் அந்தக் கொஞ்சநாள் குளிரில் நாங்கள் எழுதத் தொடங்கும் முன் தாளைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வோம். சனிக்கிழமை என்றாலே எனக்கு அந்தச் சூடும் வாசனையும்தான். பரீட்சை என்பது இத்தனை இதமான சங்கதியா என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பதினேழு வயதில் யார் சந்தேகப்படுகிறார்கள்?

நாங்கள் என்றால் தாராவிப் பிள்ளைகள். எங்கள் அப்பா அம்மாமார் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பாதிப் பேர் தோல் பட்டறையிலும் மீதிப் பேர் எங்கெங்கோ ஷிஃப்டிலும் வேலை பார்த்தவர்கள். மணி சார் பாலக்காட்டுக்காரர். செம்பூரில் ஒரு கம்பெனியில் என்ஜினீயராக இருந்துவிட்டு, முழங்கால் வலி வந்ததும் வேலையை விட்டு, மாட்டுங்கா வீட்டின் முன்னறையில் என்ட்ரன்ஸ் கிளாஸ் வைத்திருந்தார். மத்திய அரசின் பெரிய என்ஜினீயரிங் கல்லூரிகளில் சேர இரண்டு பரீட்சை எழுத வேண்டும், முதலாவது வெறும் சல்லடை. அதில் தேறினால்தான் இரண்டாவதை எழுத விடுவார்கள். நாங்கள் அதை "ஸ்க்ரீனிங்" என்போம். எங்கள் "கல்லி"யில், அதாவது எங்கள் சந்தில், அதைத் தாண்டியவர்கள் அதுவரை யாருமில்லை.

எனக்கு என்ஜினீயராக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் லோக்கல் ரயில். எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். சிவப்பு சிக்னலுக்காக ரயில் நிற்கும்போது மோட்டார் பெட்டியின் அடியிலிருந்து ஒரு உறுமல் கேட்கும், பச்சை விழுந்ததும் அது மெல்ல மெல்ல ஏறி ஒரு ராகம்போல மேலே போகும். அது என்ன, எதனால் அப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. அப்பாவிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்து, "அதுக்குப் படிச்சவன் இருக்கான், படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றுவிடுவார். ஆனால் கறாராக ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். "ஸ்க்ரீனிங்கத் தாண்டிட்டியா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். தாண்டலயா, பேசாம பி.காம் போயிரணும். மறுவருசம் எழுதுதேன்னு மூக்கச் சிந்தப்பிடாது." எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள் இருந்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே ஒரு முறை, அவ்வளவுதான்.

சாரிடம் இரண்டு பேட்ச் நடந்தது. மாலையில் மாட்டுங்காப் பிள்ளைகளுக்கு, விடிகாலையில் எங்களுக்கு. "ஈவினிங்ல இடமே இல்லை, பாத்தேளா" என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். விடிகாலைதான் எங்கள் பக்கம் தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் வரிசை பிடித்து டிரம் நிரப்புவது அதுவரை என் வேலை. அம்மா அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "நீ போயிப் படிட்டி, டிரம்மு எங்கயும் ஓடிராது" என்றாள். அவளுக்கு அப்போதே இடுப்புவலி. நான் மாட்டுங்காவுக்கு நடந்து போவேன். கால் மணி நேர நடைதான், ஆனால் எங்கள் பக்கத்து இரைச்சலிலிருந்து அந்தப் பக்கத்துக் கோலங்களுக்கும் பூக்கடைகளுக்கும் போய்ச் சேரும்போது, விருந்தாளிபோல என் நடையே மாறிவிடும்.

சார் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். அதை மறுத்தால் என் நாக்கு அழுகும். ஒரு கணக்கை மூன்று விதமாகப் போட்டுக் காட்டுவார், எங்களில் முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முடுக்கம், விசை என்று தமிழிலும் சொல்லி, பிறகு ஆங்கிலத்துக்குக் கூட்டிப்போவார். ஆரம்பத்தில் நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, "முதல்ல பாடத்தை ஒரு கதை மாதிரி படிங்கோ. அப்புறம் ஃபார்முலாவை எழுதிப் பாருங்கோ. அப்புறம் கணக்கு. டெஸ்ட்டெல்லாம் கடைசிதான்" என்பார். அந்த வாரம் நடத்திய பாடத்தில்தான் சனிக்கிழமை டெஸ்ட் வரும். வியாழக்கிழமை பலகையில் போட்ட கணக்கு, சனிக்கிழமை எண் மட்டும் மாறி வந்து நிற்கும். தப்பாக எழுதினால் மார்க் குறைப்பதெல்லாம் கிடையாது. "ஒண்ணையும் விடாதேங்கோ, தோணினதைப் போடுங்கோ" என்பார். எனக்குத் தொண்ணூறுக்குக் கீழே வந்ததாக நினைவில்லை. சார் தாளைக் கொடுக்கும்போது தலையில் கைவைத்து, "நீ எங்கேயோ போகப் போறே" என்பார். அப்படி ஒருவர், அதுவும் அந்தப் பக்கத்து வீட்டின் முன்னறையில் வைத்து, என்னைப் பற்றிச் சொல்லுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இந்த மார்க்குகள் எங்கே போய் நின்றன என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவர்கள். தோல் பட்டறை ஒன்றின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடக்கும். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஐயா, "சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம்" என்பார். கடவுள் தனக்கு அந்த வாரம் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. காய்ச்சல் விட்டது, தொலைந்த ரேஷன் கார்டு கிடைத்தது, மகனுக்கு துபாய் விசா வந்தது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். சொல்வதற்கு எதுவுமே இல்லாத எங்கள் வீட்டில் அந்த வருடம் வாராவாரம் ஒன்று இருந்தது. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "என் மகளுக்கு இந்த வாரமும் என்ட்ரன்ஸ் டெஸ்ட்டுல தொண்ணூத்தாறு மார்க்க கர்த்தர் கட்டளையிட்டாரு, ஸ்தோத்திரம்" என்பாள். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்று திருப்பிச் சொல்லும். நான் வெட்கத்தில் பாட்டுப்புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். ஆனால் உள்ளே இனிக்கும். பயிற்சி டெஸ்ட் மார்க்குக்கு யாராவது சாட்சி சொல்வார்களா என்று இப்போது சிரிப்பு வருகிறது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு டெஸ்ட்டுக்கும் பரீட்சைக்கும் வித்தியாசம் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. மார்க் என்றால் மார்க்.

மாலை பேட்ச் பிள்ளைகளை நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், விட்டுவிட்டு வந்த குடையை எடுக்கப் போனபோது, அவர்கள் டெஸ்ட் முடிந்து படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முகமெல்லாம் தொங்கிப்போயிருந்தது. காயத்ரி என்று ஒருத்தி, சார் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு, எனக்கு முகம் தெரிந்தவள், படியிலேயே உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுவாரம் சாரிடம், "ஈவினிங் பேட்ச்ல எல்லாரும் அழுதாங்களே சார்?" என்று கேட்டேன். சார் சிரித்துக்கொண்டு, "அவாளுக்கெல்லாம் நீங்க எவ்வளவோ தேவலை" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டுக்குச் சுமந்துபோய் அம்மாவிடம் சொன்னேன், அது அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சியாகவும் போனது. மாட்டுங்காப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகள் மேல் என்று சார் வாயாலேயே சொன்னார் என்றதும் அன்றைக்கு ஸ்தோத்திரம் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

பரீட்சை செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அப்பா லீவு போட்டு என்னோடு வந்தார். வாசலில் நின்று, "ரயில்ல ஏறுமுன்னே எந்தப் பக்கம் பிளாட்ஃபாரம் வரும்னு பாத்து வச்சுக்கிடணும், அம்புட்டுத்தான் பரீட்சையும்" என்று தன் ஆயுள்கால ஞானத்தைச் சொல்லி அனுப்பினார். உள்ளே போய் உட்கார்ந்து தாளைத் திறந்தேன். முதல் கேள்வியில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்திருந்தது, கேள்வி மட்டும் தெரியவில்லை. அது இரண்டு மூன்று பாடங்களை ஒன்றாகக் கலந்து கேட்டது. பக்கத்தைப் புரட்டினேன். அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. சாரின் டெஸ்ட்டில் வந்ததுபோன்ற கேள்வி ஒன்றாவது வராதா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். பிறகு, பழகிய பழக்கம், ஒன்றையும் விடாமல் தோன்றியதையெல்லாம் போட்டேன். தப்புக்கு மார்க் குறையும் என்று தாளின் மேலேயே அச்சிட்டிருந்ததை வெளியே வந்த பிறகுதான் என் மூளை படித்தது.

வாசலில் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது காயத்ரி வடாபாவ் தின்றுகொண்டு நின்றாள். "எப்படிடி பண்ணினே? சாரோட பேப்பருக்கு இது எவ்வளவோ தேவலை, இல்லே?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பேப்பருக்கு?"

"சனிக்கிழமை பேப்பர்தான். பழைய என்ட்ரன்ஸ் பேப்பரையெல்லாம் எடுத்து அதுலயும் கஷ்டமானதாப் பொறுக்கி வெப்பாரே. முதல் டெஸ்ட்டுல எனக்கு மைனஸ்ல மார்க்கு. ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை. உங்களுக்கும் அதே பேப்பர்தானே?"

அவள் கபடமில்லாமல்தான் கேட்டாள். அவள் படியில் உட்கார்ந்து அழுத அழுகை எனக்கும் வரவேண்டிய அழுகை. அதை யாரோ எனக்குத் தராமல் வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் விளங்கியது.

முடிவு வந்தபோது காலை பேட்ச்சில் ஒருவர்கூடத் தேறவில்லை. மாலை பேட்ச்சில் பாதிக்கு மேல் தேறியிருந்தார்கள், காயத்ரியும். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, "வா, போவோம்" என்றாள். அம்மா அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சாரின் மனைவி, மாமி, உட்காரச் சொன்னார், காபி கொண்டுவந்து வைத்தார். அம்மா உட்கார்ந்தாள், காபியைத் தொடவில்லை.

"எங்க பிள்ளையளுக்கு மட்டும் வேற பேப்பரு குடுத்தீகளாமே சார். நெசமா?"

சார் மறைக்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. மென்மையாகவே சொன்னார். "முன்னாடி உங்க பக்கத்துலேர்ந்து ஒரு பேட்ச் வந்தது. அசல் பேப்பரைக் கொடுத்தேன். குழந்தைகள் அழுதுண்டு போச்சு, பாதி திரும்பி வரலை. அதான் இவாளுக்குக் கொஞ்சம் லேசா வெச்சேன். பாவம், எங்கெங்கேயோ கஷ்டப்பட்டுண்டு வரதுகள். எப்படியும் இந்தப் பரீட்சை ரொம்பக் கஷ்டம். இருக்கிற நாளாவது சந்தோஷமாப் படிக்கட்டுமேன்னுதான். அழ வைக்க மனசு வரலை."

எப்படியும். அந்த ஒரு சொல்தான் என் மார்பில் வந்து இறங்கியது. நாங்கள் தேற மாட்டோம் என்று முதல் நாளே அவர் முடிவு செய்துவிட்டார். எங்கேயோ போகப் போகிறாய் என்று தலையில் கைவைத்தபோதும் அந்த முடிவு அவருக்குள் இருந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைக்கிற கையே அடித்துவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் பழமொழியும் சொல்லி வைக்கவில்லை.

அம்மா எழுந்தாள். "எங்க பிள்ள அழுமுங்க சார். அழுதுட்டு மறுநா வந்து எழுதும். தண்ணிக் கொழாயில அழாத அழுகையா? ஒங்களுக்கு மனசு வரல. நான் சபையில எந்திரிச்சுல்ல நின்னேன். கர்த்தர் குடுத்த மார்க்குன்னு அத்தன பேரு முன்னால சொன்னேனே. அது பொய்ச்சாட்சியாப் போச்சே."

சாருக்கு அது விளங்கவில்லை. மாமியைப் பார்த்தார். "அதுக்கென்ன, ப்ராக்டிஸ் டெஸ்ட்தானே" என்றார். அம்மா படியிறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நினைத்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று. அம்மா விடவில்லை. பாஸ்டர் ஐயா வழக்கம்போல் கேட்டதும் எழுந்து நின்றாள். "நான் இத்தன வாரமா எம் மகளப் பத்திச் சொன்ன சாட்சியெல்லாம் தப்பு. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். அந்த மார்க்கெல்லாம் கர்த்தர் குடுத்ததில்ல, மனுசன் குடுத்தது. எல்லாரும் மன்னிச்சிருங்க" என்றாள். ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பரீட்சையில் தோற்றதற்குக்கூட நான் அப்படி அழுததில்லை. என் பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் உதறிவிட்டேன்.

அப்பா தன் சொல்லைக் காப்பாற்றினார், நான் பி.காம் போனேன். இப்போது தாணேயில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குறையொன்றும் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் யாராவது, பிள்ளை பத்தாவது முடித்துவிட்டது, என்ட்ரன்ஸுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று பேச்செடுத்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. பாடமெல்லாம் முடிந்த பிறகு டெஸ்ட் என்று காத்திருக்காதீர்கள் என்பேன். போன வருடத்து அசல் தாளை முதல் நாளே பிள்ளையின் முன்னால் வையுங்கள். கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்லுங்கள், தப்புக்கு மார்க்கைக் குறையுங்கள். மைனஸில் வரும், வரட்டும். எந்தக் கேள்வியைத் தொடாமல் தாண்டிப் போகவேண்டும் என்பது அப்படித்தான் பழகும். தாளைத் திருத்துவதற்கு மட்டும், உங்கள் பிள்ளைமேல் எந்தப் பரிவும் இல்லாத ஒருவரைப் பாருங்கள் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

மாட்டுங்காவில் அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு, கீழே கார்கள் நிற்க மேலே முப்பது மாடிக்குக் கண்ணாடி வைத்துக் கட்டிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடை போன இடம் தெரியவில்லை. பரீட்சையே இப்போது கணினித் திரையில்தான் நடக்கிறது, யாருக்கும் தாளே கிடையாது. எங்கள் சபை நடந்த பட்டறையையும் காலி செய்யச் சொல்லி அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களாம். அம்மா எங்களோடு தாணேயில் இருக்கிறாள், இங்கேயும் ஒரு சபைக்குப் போகிறாள். எனக்கு வேலை கிடைத்தபோதும், கல்யாணம் ஆனபோதும், குழந்தை பிறந்தபோதும் அவள் என் பெயரைச் சொல்லி எழுந்து நின்றதில்லை. தம்பிகளுக்காகச் சொல்லியிருக்கிறாள். எனக்காக வீட்டுக்குள் முழங்காலில் நின்று முணுமுணுப்பதோடு சரி.

போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது மணி சாரைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்திருந்தார், கையில் தடி. கூட அவர் வயதில் ஒரு நண்பர். என்னை எப்படித்தான் அடையாளம் கண்டாரோ, முகமெல்லாம் மலர்ந்து நண்பரின் கையைப் பிடித்திழுத்தார். "இவ என்னோட ஸ்டூடண்ட். தாராவிலேர்ந்து நடந்தே வருவா. எல்லா டெஸ்ட்டுலயும் தொண்ணூறுக்கு மேலதான். என்ட்ரன்ஸ் எழுதி என்ஜினீயரானவ. இவளைப் பத்தி நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லிருப்பேன் தெரியுமா?" என்றார். நண்பர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இல்ல சார், நான் ஸ்க்ரீனிங்லயே ஃபெயில்" என்றேன்.

சார் உடம்பு குலுங்கச் சிரித்தார். "அடக்கத்தைப் பாருங்கோ" என்று நண்பரிடம் சொல்லிவிட்டு, என் தலையில் கையை வைத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "கூட நின்னவரு அத நம்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"நம்பிட்டாரும்மா. கும்பிடு வேற போட்டாரு."

"அப்பம் நாளைக்கே ஒரு நடை போயி அந்த மனுசங்கிட்ட, இல்லன்னு சொல்லிட்டு வந்துருட்டி."

பேர்கூடத் தெரியாத ஆளை அத்தனை பெரிய மார்க்கெட்டில் எங்கே போய்த் தேடுவது என்றேன்.

"தேடு" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி முறத்தை எடுத்தாள்.